கை கடைசியில வரட்டும்: அய்கிடோ கேள்வி பதில்

போன இதழ்ல அய்கிடோங்கற ஜப்பான் தற்காப்புக் கலை பத்தி எழுதுனப்ப "கை பலத்தை நம்பாதீங்க, உடம்பை நம்புங்க"ன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கேள்வி வரும்னு நெனைக்கவே இல்ல. சில பேர் திட்டியும் எழுதிருக்கீங்க, பரவால்ல. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒண்ணா சேர்த்துட்டேன்.

ரெண்டு வருஷமா கத்துக்கறேன் சார். என் வெயிட் 58 கிலோ. கிளாஸ்ல 85 கிலோ அண்ணன் ஒருத்தர் ரெண்டு கையால என் ஒரு கையை அமுக்கிப் பிடிச்சார்னா அசைக்கவே முடியல. சென்செய் (மாஸ்டர்) "ரிலாக்ஸ், ஹராவை (அடிவயித்தை) யூஸ் பண்ணு"ன்னு மட்டும் சொல்றார். ரிலாக்ஸ் பண்ணா கை தொவண்டு போகுது, டைட் பண்ணா அவர் ஜெயிக்கிறார். நடுவுல என்னதான் பண்றது?
(கோயம்புத்தூர் வாசகர்)

தம்பி, மோரோதேடோரில, அதாவது ரெண்டு கையால ஒரு கையைப் பிடிக்கிற இந்தப் பிடியில, மாட்டிக்கிட்டு முழிக்காத ஆளே அய்கிடோல கெடையாது. நானும் மூணு வருஷம் தோள்பட்டையை வச்சு தூக்கிப் பாத்து, ராத்திரி தைலம் தேய்ச்சுக்கிட்டு படுத்தவன்தான்.

மொதல்ல ஒரு கணக்கு போட்டுக்குவோம். ஒருத்தரோட ஒரு கை அவங்க மொத்த எடையில சுமாரா 5 சதவீதம் இருக்கும், அப்ப உங்க கை 3 கிலோ. அந்த அண்ணன் அவர் உடம்பு எடையை கொண்டுவந்து அந்த 3 கிலோ மேல சாய்ச்சு வச்சிருக்கார், நீங்க அந்த 3 கிலோவை வச்சு அவரை தூக்கப் பாக்கறீங்க. எப்படி நடக்கும்? இதுல டைட்டா லூசாங்கறது ரெண்டாவது விஷயம், உங்க மிச்சம் 55 கிலோ இந்த வேலைக்கே வரலைங்கறதுதான் மொத விஷயம்.

அதனால அவர் பிடிச்சிருக்கற இடத்தை அவருக்கே விட்டுக் குடுத்துடுங்க. மணிக்கட்டு அவரோடது, சரி, முழங்கை யாரோடது? இடுப்பு, கால் எல்லாம் யாரோடது? அதெல்லாம் ஃப்ரீயா தானே இருக்கு. கையை உங்க பக்கம் இழுக்காம நீங்க கை இருக்கற இடத்துக்குப் போங்க, முழங்கையை கீழ விட்டு, உங்க தொப்புள் அந்தக் கைக்கு நேர் பின்னால வர்ற வரைக்கும் உடம்பை நகர்த்துங்க. தினமும் கிளாஸ் ஆரம்பத்துல டாய் நோ ஹெங்கோன்னு ஒண்ணு போரடிக்கிற அளவுக்கு செய்ய வைக்கிறாங்கல்ல, அது முழுக்க இதுதான், கை நின்ன இடத்துல நிக்கும், ஆளு அதை சுத்தி திரும்பிப் போய் எதிராளி பாக்கற பக்கமே பாத்துக்கிட்டு நிப்பான்.

ஊர்ல கடப்பாரையை நட்டு வச்சு தேங்காய் உரிக்கிறவங்களை பாத்திருக்கீங்களா? கை பலத்துல உரிக்கப் பாத்தா நாலு காய்க்குள்ள மணிக்கட்டு காலி. தெரிஞ்சவர் உடம்பை மேல போட்டு குத்துவார், அப்புறம் இடுப்போட ஒரு திருப்பு, மட்டை பொளந்துடும். அவர் கை தொவண்டும் கெடக்கல, முறுக்கிக்கிட்டும் இல்ல, உடம்புல இருந்து காய்க்கு பலம் போற வழியா இருக்கு, அவ்ளோதான். ரிலாக்ஸ்னு சென்செய் சொல்றது அதைத்தான்னு நெனைக்கிறேன். கையை மடக்குற தசையும் நீட்டுற தசையும் ஒரே நேரத்துல முறுக்கிக்கிட்டா ஒண்ணுக்கு ஒண்ணு பிரேக் போட்டுக்கும், உங்களுக்கு பயங்கர பலம் போடுற மாதிரி இருக்கும், எதிராளிக்கு ஒண்ணுமே வந்து சேராது.

சரி, 55 கிலோவையும் கூட்டிட்டு வந்தாச்சு. இப்ப அது எல்லாம் ஒரே நேரத்துல வந்து சேருதான்னு பாக்கணும், நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான். கால் வைப்பாங்க. அப்புறம் இடுப்பு திரும்பும். அப்புறம் கை தள்ளும். மூணு சின்ன பலம் வரிசையா போகுது, அந்த அண்ணன் மூணுக்கும் தனித்தனியா பதில் சொல்லிட்டு நிப்பார். மூணும் ஒரே நொடியில போய் சேர்ந்தா அவருக்கு பதில் சொல்ல நேரமே இருக்காது. ஃபோகஸ், டைமிங், முழு உடம்பு பலம்னு மூணு பாடமா சொல்லித் தர்றாங்க, என்னைக் கேட்டா மூணும் ஒரே விஷயம்தான்.

யோஷின்கான்ங்கற அய்கிடோ பிரிவை 1955ல ஆரம்பிச்ச ஷியோடா கோசோ (1915–1994) இதுக்கு பேரே வச்சிருக்கார். தலையில இருந்து கால் வரைக்கும் உடம்போட நடுக்கோடு வளையாம நிக்கிறதால வர்ற பலம் ச்சூஷின்-ர்யோக்கு. எல்லாத்தையும் ஒரே புள்ளியில, ஒரே கணத்துல குவிக்கிறது ஷூச்சூ-ர்யோக்கு. மனுஷன் உயரம் ஏறக்குறைய 154 சென்டிமீட்டர், ஒல்லியான உடம்பு. 1962ல ராபர்ட் கென்னடி அவரோட டோஜோவுக்கு (பயிற்சிக் கூடத்துக்கு) வந்தப்ப கூட வந்த பாடிகார்டை ஷியோடா தரையோட தரையா அமுக்கி வச்சுட்டார், பழைய ஃபிலிம் இன்னும் இருக்கு, பாருங்க. அவர் கையைப் பாக்காதீங்க, முன்னங்கால் கட்டைவிரலைப் பாருங்க. அங்கதான் எடை போய் நிக்கும். அவர் ஸ்டைல்ல அடிப்படை அசைவு ஆறே ஆறுதான், அதையே வருஷக்கணக்கா செய்யச் சொல்வாங்க.

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணு. ஃப்ரெண்டை விட்டு மொபைல்ல ஸ்லோமோஷன்ல எடுக்கச் சொல்லுங்க. கால் தரையில படுற ஃபிரேமும் அவர் உடம்பு மொதல்ல ஆடுற ஃபிரேமும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. கண்டிப்பா இருக்காது. உங்க கை முன்னாடியே கெளம்பியிருக்கும், எல்லாருக்கும் கைதான் மொதல்ல கெளம்பும், ஏன்னா சின்ன வயசுல இருந்து நாம எல்லா வேலையும் கையால ஆரம்பிச்சே பழகிட்டோம். கையை கடைசியா வர வைக்கிறதுதான் உங்களுக்கு அடுத்த ஒரு வருஷத்து வேலை. எனக்கு இதைப் புரிய வச்சது ஒரு அம்மா, 45 கிலோ இருந்தா அதிகம், நான் முக்கி முக்கி பிடிச்சிருந்த கையை அவங்க அசைக்கக்கூட இல்ல, ஒரு ஸ்டெப் நடந்தாங்க, நான் போய் செவுத்துல நின்னேன்.

நான் சிங்கப்பூர்ல பயிற்சி பண்றேன். ஷோமென்உச்சி (மேலேர்ந்து நேரா நெத்திக்கு எறங்குற) அடி வரும்போது எப்பவும் லேட் ஆகுது. சரின்னு முன்னாடியே நகர்ந்தா உகே (அடிக்க வர்ற பார்ட்னர்) என்னைப் பாத்து திசையை மாத்திடறான். எந்த நொடியில நகரணும்? ரூல் ஏதாவது இருக்கா?
(சிங்கப்பூர் வாசகி)

ரூல் இருக்கு, ஆனா கடிகாரத்தை வச்சு சொல்ற ரூல் இல்ல. கண்ணால ஒண்ணைப் பாத்து உடம்பு அசைய ஆரம்பிக்கவே சாதாரணமா 0.2 செகண்டு, அதுக்கு கொஞ்சம் மேல ஆயிடும். பக்கத்துல நிக்கிறவன் கை அதுக்குள்ள உங்க நெத்தியில இருக்கும். அதனால கை வர்றதைப் பாத்து நகர்றேன்னா என்னிக்குமே லேட்தான், நீங்க எவ்ளோ வேகமானவங்களா இருந்தாலும் சரி.

இதுக்குத்தான் மா-ஆய். எதிராளி உங்களைத் தொடணும்னா ஒரு ஸ்டெப் எடுத்தே ஆகணுங்கற தூரத்துல நிக்கணும், அந்த ஒரு ஸ்டெப்தான் உங்க சம்பாத்தியம். கிட்டப் போய் நின்னுக்கிட்டு டைமிங் சரியில்லைன்னு புலம்புறவங்க நெறைய பேர், அவங்க பிரச்சனை டைமிங்கே இல்ல, நின்ன எடம் தப்பு.

அடுத்தது, அடியை எதுலேர்ந்து எண்ண ஆரம்பிக்கறீங்க? கை கீழ எறங்குறதுல இருந்துன்னா அடி முடியப்போகுதுன்னு அர்த்தம். ஒருத்தர் அடிக்கிறதுக்கு முன்னாடி எடையை பின்னங்கால்லேர்ந்து மாத்துவார், தோள் லேசா ஏறும், மூச்சு நிக்கும். இக்க்யோங்கற அடிப்படை டெக்னிக்ல கையை சந்திக்கிறது அது மேல ஏறும்போதே. நெத்தி உயரத்தைத் தாண்டி எறங்க ஆரம்பிச்சிட்டா அவர் முழு எடையும் அது பின்னால வந்துடும், அப்புறம் நீங்க தடுத்தா அது இக்க்யோ இல்ல, கட்டையைத் தாங்குறது. ஜப்பான்ல கத்திச் சண்டைக்காரங்க இதை மூணா பிரிச்சு வச்சிருக்காங்க. அடி வந்தப்புறம் அதுக்கு பதிலா போறது கோ நோ சென், அடி கெளம்புற அதே நேரத்துல நாமும் கெளம்புறது சென் நோ சென், அடிக்கணும்னு அவன் மனசுல முடிவு விழுந்ததுமே நகர்றது சென்சென் நோ சென். மூணாவது இன்னும் எனக்கு கைவசப்படல, எப்பவாவது தற்செயலா நடக்கும், வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் அதையே நெனச்சுக்கிட்டிருப்பேன். உங்களுக்கு இப்போதைக்கு ரெண்டாவது போதும்.

எங்க பாட்டியும் சித்தியும் ஒரே உரல்ல ரெண்டு உலக்கை போடுவாங்க. ஒருத்தர் உலக்கை மேல போற நேரத்துல இன்னொருத்தர் உலக்கை கீழ விழும், பேச்சும் நடந்துக்கிட்டே இருக்கும், ஒரு நாளும் உலக்கையும் உலக்கையும் மோதினது இல்ல. ரெண்டு பேரும் எதிர்ல இருக்கறவங்க உலக்கையைப் பாத்து கெளம்பல, ஒரே தாளத்துல இருந்தாங்க. நீங்க உகேவோட அந்தத் தாளத்துல சேர்ந்துக்கணும். அவன் உங்க முன்னால வந்து நின்ன நொடியில இருந்தே உங்களுக்கு அது ஓட ஆரம்பிச்சிருக்கணும். அடியில இருந்து ஆரம்பிக்கக் கூடாது.

முன்னாடியே நகர்ந்தா உகே திசை மாத்தறான்னு சொன்னீங்க. அது ரொம்ப நல்ல உகே, அவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க. அவன் எடை இன்னும் ரெண்டு கால்லயும் இருக்கும்போது நீங்க போயிட்டீங்க, அதான் அவனால மாத்த முடியுது. அவன் முன்னங்கால் தரையில படப்போகுது, ஆனா இன்னும் படல, அந்த இடைவெளியில அவனாலேயே அவனை நிறுத்த முடியாது. இருட்டுல மாடி எறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்குன்னு நெனச்சு காலை வச்சு, படி இல்லாம ஒரு தூக்கு தூக்கிப் போடும் பாருங்க, எதிராளிக்கு அந்த மாதிரி ஆகணும். அந்த நேரத்துல இரிமி போட்டு உள்ள நுழைஞ்சீங்கன்னா சுண்டு விரல் பலம் போதும், அரை நொடி தள்ளிப் போனா ரெண்டு ஆள் பலம் வேணும்.

இன்னொண்ணு, டோஜோல சொல்லி வச்சு அடிக்கிற அடியில மட்டும் பழகினா இந்த டைமிங் பாதிதான் வரும், இது என் கருத்து, கோவிச்சுக்காதீங்க. டோமிகி கெஞ்சி (1900–1979) ஜூடோல கானோ ஜிகோரோகிட்டயும் அய்கிடோல அதோட நிறுவனர் உயேஷிபாகிட்டயும் கத்துக்கிட்டவர், அவர் வசேடா பல்கலைக்கழகத்துல ரப்பர் கத்தியை வச்சு நெஜமாவே குத்த வர்ற போட்டியைக் கொண்டுவந்தார். போட்டி அய்கிடோவுக்கு ஆகாதுன்னு உயேஷிபா பக்கம் ஒத்துக்கல, அந்தச் சண்டை இன்னிவரைக்கும் ஓயல. போட்டி வேணுமா வேணாமாங்கறதை விடுங்க, வாரத்துல ஒரு நாள் எப்ப அடிப்பேன்னு சொல்லாம அடிக்கிற உகே ஒருத்தரைப் பிடிச்சுக்கோங்க.

பயிற்சியில கண்ணை எங்க வைக்கணும்? கண்ணைப் பாருன்னு ஒருத்தர் சொல்றார், கையைப் பாருன்னு இன்னொருத்தர். கான்சன்ட்ரேட் பண்ணப் பண்ண எனக்கு இன்னும் மோசமா போகுது.
(வேளச்சேரி வாசகர்)

ரெண்டுமே வேணாம். பைக் ஓட்டுறீங்கல்ல? ரோட்டுல பள்ளத்தையே மொறச்சுப் பாத்துக்கிட்டுப் போனா வண்டி நேரா அதுக்குள்ளதான் போய் விழும். மழைக்காலத்துல நம்ம ஊர்ல இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. கத்தியையே பாத்துக்கிட்டு இருந்தா உங்க உடம்பு கத்தியை நோக்கிப் போகும், கண்ணையே பாத்தா அவர் கண்ணால காட்டுற பொய்யை நம்பிடுவீங்க. என்சான் நோ மெட்சுகேன்னு ஜப்பான்ல சொல்வாங்க, தூரத்து மலையைப் பாக்கற மாதிரி பார்வை. மலையில எந்த மரத்தையும் குறிப்பா பாக்க மாட்டோம், ஆனா முழு மலையும் தெரியும்ல? அவர் நெஞ்சு உயரத்துல கண்ணை சும்மா விட்டு வைங்க, கை கால் ரெண்டு ஓரத்துலயும் அசைவு தானா தெரியும். பக்கத்துல ரெண்டாவது ஆள் வந்தாலும் தெரியும், மூணு பேர் சேர்ந்து வர்ற ரண்டோரில இது இல்லாம ஒரு நிமிஷம் தாங்க முடியாது.

கான்சன்ட்ரேட் பண்ண மோசமா போகுதுன்னா நீங்க புருவத்தை சுருக்கி, தோளைத் தூக்கி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்கன்னு அர்த்தம், பரிட்சை ஹால்ல உக்காந்த மாதிரி. அய்கிடோவை 1953ல ஹவாய்க்கு கொண்டுபோன டோஹெய் கோய்ச்சி (1920–2011) இதுக்கு நாலு விஷயம் சொன்னார்: தொப்புளுக்குக் கீழ ஒரே புள்ளியில மனசை வை, முழுசா தளர்ந்திரு, எடை அடிப்பக்கம் இருக்கட்டும், கி (உயிர்சக்தி) வெளிய பாயட்டும். நாலையும் ஒரே நேரத்துல நெனச்சா பைத்தியம்தான் பிடிக்கும், அவரே ஒண்ணு சரியா வந்தா மத்த மூணும் கூடவே வந்துடும்னு தான் சொல்லிக் குடுத்தார். எனக்கு மூணாவதுதான் ஒத்து வந்துச்சு, அதாவது கையைத் தூக்கும்போது முழங்கைக்கு அடியில யாரோ ஒரு பையைத் தொங்கவிட்ட மாதிரி. உங்களுக்கு எது ஒத்து வருதுன்னு மாசத்துக்கு ஒண்ணுன்னு போட்டுப் பாருங்க.

யூட்யூப்ல பாத்தா தொடாமலே ஆளுங்க பறந்து பறந்து விழுறாங்க. எல்லாம் நடிப்புதானே சார், மனசாட்சியோட சொல்லுங்க.
(மதுரை, திருச்சி, யாழ்ப்பாணம்னு ஏழு பேர்)

பாதி நடிப்பு. மனசாட்சியோடதான் சொல்றேன். கொத்தேகாஷில மணிக்கட்டு திரும்பும்போது உகே சுத்தி விழுறது அவர் கையைக் காப்பாத்திக்க, அது நடிப்பு இல்ல, உகேமி, அதாவது அடிபடாம விழுற வித்தை. ஷிஹோநாகேங்கற எறியில கீழ போகத் தெரியாத உகேவை பலமா போட்டா பின்னந்தலை தரையில அடிபடும், ரொம்ப ஆபத்து, அதனாலதான் மொதல்ல மாசக்கணக்கா விழத்தான் கத்துக் குடுப்பாங்க. முகத்துக்கு நேரா ஒரு அதேமி (அடி) வந்தா தொடுறதுக்கு முன்னாடியே எவனும் பின்னால சாய்வான், அதுவும் நெஜம். ஆனா நாலு அடி தள்ளி கையை ஆட்டினதுக்கே குட்டிக்கரணம் போடுறாங்கன்னா அது பழக்க தோஷம், குருவை சந்தோஷப்படுத்தற பழக்கம். அப்படி விழுந்து விழுந்து பழகின சிஷ்யனுக்கும் நஷ்டம், தன் பலம் என்னன்னே தெரியாத குருவுக்கும் நஷ்டம்.

நிறுவனர் உயேஷிபா மொரிஹெய் (1883–1969) காலத்துல ஆளுங்க அப்படி சும்மா விழல. அவரும் அஞ்சடி சொச்சம்தான். 1939ல மஞ்சூரியாவுல டென்ரியூன்னு ஒரு முன்னாள் சுமோ வீரர் சந்தேகத்தோட வந்து அவர் கையைப் பிடிச்சுப் பாத்துட்டு, கடைசில அவர்கிட்டயே சிஷ்யனா சேர்ந்துட்டார். சுமோக்காரனுக்கு எடையைப் பத்தி யாரும் கதை விட முடியாதுல்ல.

கி உண்மையா?
(ஈரோடு வாசகர்)

கையை நீட்டி, யாரையாவது மடக்கச் சொல்லுங்க. மொதல்ல முறுக்கிப் பிடிங்க, மடங்கிடும். அப்புறம் விரல் நுனியில இருந்து எதிர்ச் செவுத்துக்கு தண்ணி பீச்சி அடிக்கிற மாதிரி நெனச்சுக்கிட்டு நில்லுங்க, சுலபமா மடங்காது. மடக்குற தசை சும்மா இருக்கு, நீட்டுற தசை மட்டும் வேலை செய்யுது, அதான் காரணம்னு நான் நம்பறேன். ஆனா கையை நீட்டச்சொன்னா வராதது, தண்ணின்னு சொன்னா வருது. பேர் கின்னு வச்சுக்கோங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல.

போதிதர்மர் கொண்டுபோன கலைதானே அய்கிடோவும்? சிலம்பத்துல இருந்து போனதா ஒரு வீடியோல பாத்தேன்.
(காஞ்சிபுரம் வாசகர்)

இல்லீங்க. உயேஷிபா 1915ல ஹொக்கைடோவுல டகேடா சோகாகுவை சந்திச்சு டைடோ-ர்யூ ஜூஜுட்சு கத்துக்கிட்டார், அய்கிடோங்கற பேரே 1942ல தான் வந்துச்சு. நம்ம காஞ்சிபுரத்தை இதுல இழுக்க வேணாம். சிலம்பம் தெரிஞ்சவங்களுக்கு அய்கிடோவோட ஜோ குச்சிப் பயிற்சி சீக்கிரம் புடிபடும், அது வாஸ்தவம், கால் மொதல்ல குச்சி அப்புறம்னு வாத்தியார் ஏற்கனவே அடிச்சு அடிச்சு சொல்லியிருப்பார்.

எனக்கு 52 வயசு. முட்டி வலி இருக்கு. இப்ப ஆரம்பிக்கலாமா?
(தஞ்சாவூர் வாசகி)

ஆரம்பிக்கலாம்மா. முட்டி டாக்டரை ஒரு தடவை கேட்டுக்கோங்க, முட்டி போட்டு நடக்கற ஷிக்கோவும் ரொம்ப நேரம் செய்சால (மண்டி போட்டு) உக்கார்றதும் வேணாம்னு மொத நாளே சொல்லிடுங்க. நின்னுக்கிட்டு செய்யறதே நெறைய இருக்கு. அதெல்லாம் முடியாது, எல்லாரும் முட்டி போட்டே ஆகணும்னு சொல்ற எடமா இருந்தா அடுத்த எடம் பாருங்க.

கிளாஸ் வாரத்துல ரெண்டு நாள்தான். வீட்ல தனியா முழு உடம்பு பலத்தைப் பழக ஏதாவது இருக்கா? இடம் கம்மி, ஒரு ஹால்தான்.
(அம்பத்தூர் வாசகர்)

பொக்கென் சுபுரி, அதாவது மரக்கத்தியைத் தனியா வீசிப் பழகுறது. வேற எதுவும் வேணாம். இவாமாங்கற ஊர்ல உயேஷிபாகிட்ட பல வருஷம் இருந்த சைட்டோ மொரிஹிரோ (1928–2002) கத்திக்கு ஏழு சுபுரி, ஜோவுக்கு இருபதுன்னு வரிசைப்படுத்தி வச்சிருக்கார், அந்த ஏழுல மொதலாவது மட்டும் எடுத்துக்கோங்க. ரெண்டு கையால பிடிச்சு, தலைக்கு மேல தூக்கி, ஒரே ஒரு வெட்டு. இடது கை சுண்டு விரல்ல பிடி இருக்கணும், வலது கை சும்மா வழி காட்டும். நூறு தடவை வெட்டினதுக்கு அப்புறம் தோள் வலிச்சா கையால வெட்டியிருக்கீங்க, அடிவயித்துலயும் தொடையிலயும் அசதி தெரிஞ்சா சரியா போகுது. கத்தி தொப்புள் உயரத்துல வந்து நிக்கணும், தரையைப் போய் கொத்தக் கூடாது, அந்த நிறுத்தத்துலதான் நான் மேல சொன்ன ஒரே கணம் இருக்கு, கால் பாதம் அமுங்குறதும் கத்தி நிக்கிறதும் வெளிய போற மூச்சு முடியறதும் ஒண்ணா நடக்கணும். ஐநூறு ஆயிரம்னு வீராப்பு வேணாம், நல்லா முப்பது போதும். முப்பதுல நாலு சரியா வந்திருக்கும், அது எந்த நாலுன்னு உங்களுக்கே தெரியும்.

மரக்கத்தி ஒரு மீட்டருக்கு கொஞ்சம் மேல நீளம். ஹால்னு சொன்னீங்க, மேல ஃபேன் எங்க இருக்குன்னு பாத்துட்டு ஓங்குங்க. எங்க வீட்ல ஒரு றெக்கை இன்னும் வளைஞ்சேதான் சுத்துது.